ஏழாம் நம்பர் மலையில் துரை கொழுந்தெடுத்த நாள்

அன்புள்ள மகள் ஷாமிளாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் தம்பி அஜந்தனும் சுகம். அந்த நாட்டு வெயிலில் நீயும் சுகமாக இருப்பதை உன் குரலிலேயே தெரிந்துகொள்கிறோம், அது அப்படியே நீடிக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். இங்கே பதினைந்து நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, கலவான ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைப் போடுகிறாள். அஜந்தன் மறுபடியும் கணிதத்தில் தேறவில்லை, ஆனால் சிங்களத்தில் வகுப்பிலேயே முதல் ஆள், அதை நினைத்துத் திட்டாமல் விட்டேன். மஷூர் முதலாளியின் மகன் ஹஸீப் லீவு முடிந்து வியாழக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் இரண்டு தடவை சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை, அதில் என் பிழையும் இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் லயத்தில் கடைசி வீட்டு விஜயகலாவை உனக்குத் தெரியும். புருஷன் போனபிறகு தனியாகவே இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள், அதிகம் பேசமாட்டாள். போன மாதம் முழுக்க அவளுக்குக் கொழுந்தெடுக்கக் கிடைத்தது ஏழாம் நம்பர் மலை, அதுதான் சிங்கராஜக் காட்டோடு ஒட்டின மலை. புல் வெட்டி ஒரு வருஷமாகிறது, செடிக்கு மேலே கெகில்லப் புதர் வளர்ந்து கிடக்கிறது, அட்டை கேட்கவே வேண்டாம். அங்கே போகிற ஆறு பெண்களில் யாருக்கும் நாளுக்கு எடுக்க வேண்டிய பதினெட்டுக் கிலோ வரவில்லை, பதினொன்று, பன்னிரண்டுதான். வெளிக்கள ஐயா கஜேந்திரன் புதிதாக வந்தவர், முப்பது வயது, அவருக்கும் மேலிருந்து நெருக்குதல். ஒரு திங்கட்கிழமை பின்நேரம் கொழுந்து மடுவத்தில் நிறுத்துவிட்டு, வேலை தெரியாதவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் விஜயகலாவின் சாக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கொழுந்தைத் தரையில் கொட்டிவிட்டார். அவள் சத்தம் போடவில்லை. “ஐயா, கொட்டினது நீங்க, நீங்களே அள்ளிப் போடுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவளை வேலை நிப்பாட்டிவிட்டார்கள். கிலோ குறைவு என்பது ஒரு குற்றம், உத்தியோகத்தரை அடிக்கக் கை ஓங்கினாள் என்பது இன்னொரு குற்றம். மகளே, அந்த இரண்டாவதற்குச் சாட்சி போட்டது நான். அந்த நேரம் நான் மடுவத்துக்குப் பின்னால் லொறிக்குச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன், அவள் கையை ஓங்கினாளா முடியை ஒதுக்கினாளா என்று எனக்குத் தெரியாது. கஜேந்திரன் ஐயா கடதாசியை நீட்டி, கங்காணி இங்கே போடுங்கள் என்றார், போட்டேன். எனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சேவை இருக்கிறது, இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்தக் கடைசி வீட்டைத் தாண்டிப் போகாமல் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குச் சுற்றுப் பாதையால் போய் வந்தேன்.

பத்தாம் நாள் விசாரணை. பெரிய துரை, கிளாக்கர், சங்கத்துத் தலைவர், கஜேந்திரன் ஐயா, நான். தலைவர் விஜயகலாவுக்காகப் பேச எழும்பினார், அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே பேசினாள். துரைக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தில்தான் பேசினாள், நம் ஸ்கூலில் எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை, ஒரு சொல் தடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். “கங்காணி அண்ணே, நான் கை ஓங்கினத நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தா பாத்தேன்னே சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டேன்.” அதில் கோபமே இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். திட்டியிருந்தால் நான் பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேனோ என்னவோ. பார்க்கவில்லை துரை, பயத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். துரை என்னைப் பார்த்தார், பிறகு அவளிடம், அது இருக்கட்டும், கிலோ ஏன் குறைந்தது என்று கேட்டார். நான் சொன்னால் காரணம் சொல்கிறேன் என்பீர்கள், துரையே ஏழாம் நம்பருக்கு வந்து ஒரு மணித்தியாலம் எடுத்துப் பாருங்கள் என்றாள். கிளாக்கரின் பேனா நின்றுவிட்டது. இந்தத் தோட்டத்தில் எத்தனையோ துரைமாரைப் பார்த்துவிட்டேன், அப்படி ஒருவரிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. துரையின் முகம் சிவந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, நாளைக்கு ஏழரைக்கு என்றார்.

வரமாட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஏழு இருபதுக்கே ஜீப் வந்துவிட்டது. கஜேந்திரன் ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்று கேட்டார், உன் அம்மா தன்னுடையதை அவிழ்த்துக் கொடுத்தாள். துரை அதைத் தப்பாகக் கட்டிக்கொண்டார், தொடுவதா விடுவதா என்று தெரியாமல் நின்ற அம்மா கடைசியில் கிட்டப் போய் அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள். கொழுந்துச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் துரை இறங்கியதை எப்படிச் சொல்ல. மழைத் தூறல், இடுப்பு வரைக்கும் கெகில்ல, இரண்டு தடவை வழுக்கி விழுந்தார், அட்டை கழுத்து வரை ஏறிவிட்டது, ஆனால் துரை பாதியில் மேலே ஏறி வரவில்லை. சிரிக்கலாம் என்று வந்த பெண்கள்கூடச் சிரிக்கவில்லை. விஜயகலா பக்கத்து நிரையில் தன் பாட்டுக்கு எடுத்தாள், ஒரே ஒரு தடவை, “துரை, அந்த இலைய விடுங்க, அது முத்தினது” என்றாள். அவரும் விட்டுவிட்டார்.

ஒரு மணித்தியாலம் முடிந்து மடுவத்தில் நிறுத்தோம். துரைக்கு எண்ணூறு கிராம், கூட எடுத்த கஜேந்திரன் ஐயாவுக்கு அதைவிடவும் குறைவு, விஜயகலாவுக்கு ஒன்றரைக் கிலோ. துரை தன் விரலிலேயே கணக்குப் பார்த்தார், இவ்வளவு நல்ல கைக்கே நாள் முழுக்கப் பதினொன்று, பன்னிரண்டுதான் வரும் என்று சத்தமாகச் சொன்னார். கழுத்தில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. பிறகு அவளைப் பார்த்து “மட்ட வெரதுனா” என்றார். என்னிடம்தான் பிழை என்று ஒரு துரை, கொழுந்து மடுவத்தில், எண்பது பேருக்கு முன்னால் சொன்னார் மகளே. கஜேந்திரன் ஐயா தலையைக் குனிந்தபடி நின்றார், யாரும் சொல்லாமலே, “அக்கா, அன்னைக்கு நான் கொட்டினது பிழை” என்றார். அவள், “சரிங்க ஐயா” என்றாள், அவ்வளவுதான். அடுத்த நாளே ஏழாம் நம்பருக்குப் புல் வெட்ட ஆள் போட்டார்கள், வெட்டி முடியும் வரை அந்த மலைக்குப் பன்னிரண்டு கிலோ போதும் என்று காலையில் ஆள் கூடுகிற பிரட்டில் வாசித்தார்கள், வேலை நிப்பாட்டின நாட்களுக்கும் அவளுக்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள்.

துரை கொழுந்தெடுத்த அன்றைக்கே வேலை விட்டதும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை மன்னித்துக்கொள் தங்கச்சி என்றேன். உட்காரச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். “கையெழுத்து போட்டது பெருசில்லண்ணே, பயம் யாருக்குத்தான் இல்ல. ஒம்பது நாளும் அண்ணி வந்தாங்க, சோறு கொண்டாந்தாங்க. நீங்க வரல. அதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.” உன் அம்மா போய் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், என்னைக் குத்திக்காட்டாமல், நான் பயந்ததற்கும் சேர்த்து அவள் போயிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம், அன்றைக்குப் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஹோட்டல் லோண்டரியில் உனக்குக் கீழே பதினொரு பேரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் பெருமைதான். யாராவது மெதுவாக வேலை செய்தால் அவர் நிற்கிற இடத்தில் நீயும் கொஞ்ச நேரம் நின்று பார், யார் சொன்னாலும், காணாததைக் கண்டேன் என்று எழுதாதே. இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் பெற்ற மனம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பொய்ச் சாட்சி சொன்னதற்குத் துரை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷச் சேவையில் முதல் கடிதம். தலைவர், அதை எதிர்த்து எழுதுவோமா என்று கேட்டார். வேண்டாம், அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுக்காதே. ஹஸீப் கொண்டுவரும் பார்சலில் மாசிச் சம்பல் இருக்கிறது, போத்தலை வெயிலில் வைக்காதே. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது முதலில் அம்மாவிடம் பேசு, நான் பிறகு பேசுகிறேன்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
கந்தையா