அப்பா செய்து கொடுத்த குரல்

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், அதுதான் எந்நேரமும் என் நினைப்பு. போனில் பார்த்தால் இளைத்துத் தெரிகிறாய். சின்னவனுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாச்சு என்று என்னை ஏமாற்றாதே, உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடு. தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்ததிலிருந்து போனில் நான் கையை ஆட்டுவதும் எனக்காக அப்பா பேசுவதுமாகத்தானே ஓடுகிறது, அதில் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று அப்பாதான் தடுத்து வைத்திருந்தார். இப்போது முடிந்துவிட்டது. ஜெயித்துவிட்டார் உன் அப்பா.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்களே, டார்ச் லைட் மாதிரி இருக்கும், நீ வந்தபோது பார்த்தாய். தாடைக்குக் கீழே வைத்து அமுக்கினால் அதிரும், நாம் வாயை அசைத்தால் வார்த்தை வரும். வரும்தான், ஆனால் மிக்ஸி பேசுகிற மாதிரி ஒரே சுருதியில் வரும். அப்படியா என்கிற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒருவரைக் கொஞ்சவும் செய்வேன், நாற்காலியை விட்டு எழுந்து ஓடவும் வைப்பேன், உனக்குத் தெரியாதா. அந்தக் கருவிக்கு எல்லா அப்படியாவும் ஒன்றுதான். காய்கறிக்காரரிடம் பேசிப் பார்த்தேன், மனுஷன் மிரண்டுபோய்த் தராசையே மறந்துவிட்டார். பஸ்ஸில் ஒரு குழந்தை வீலென்று அழுதது. வீட்டுக்கு வந்ததும் அதை அலமாரியின் அடித்தட்டில் போட்டுத் துணியால் மூடினேன், இனிமேல் எனக்குப் பேச்சே வேண்டாம் என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, உன் பேச்சே வார்த்தையில இல்லம்மா, ஏத்த இறக்கத்துலதான் இருக்கு, அத விட்டுட்டு மத்ததெல்லாம் செஞ்சு வச்சிருக்காங்க என்றார், அவ்வளவுதான்.

மறுநாளே சாப்பாட்டு மேஜை பறிபோனது. ஒயர், பேட்டரி, ஈயப் புகை, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ரிடையர் ஆகும்வரை ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிற கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராக இருந்தவர், ஆனால் அப்போதுகூட உன் பள்ளிக்கூட விழா ஒன்றுக்கும் வராமல் இருந்ததில்லை, வேலையை வீட்டு வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வருகிற ஆள். அவர் வீட்டுக்குள் பட்டறை போட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கட்டைவிரலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சுருதி ஏறவேண்டும், தளர்த்தினால் இறங்கவேண்டும், இதுதான் அவர் திட்டம். முதலில் செய்தது ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது, எதிர்வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிட்டது. அடுத்தது கழுத்தைச் சுட்டது. எனக்கு வெறுத்துவிட்டது, போதும் விடுங்க, இருக்கிற மானமும் போகுது என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். போதும்னு உன் வாயால சொல்லு, அந்த நிமிஷமே விட்டுடறேன் என்றார். அழுதேன் குட்டிம்மா, அழுதால்கூடச் சத்தம் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் உன் கல்யாண வீடியோவை எடுத்தார். போட்டோக்காரரை நான் ஒரு பிடி பிடிக்கிற இடம் இருக்கிறதே, அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தபோது குண்டு வெடித்து இடது காது பாதி போனதல்லவா, அதனால் வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார். மலை மேல எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அந்தப் பக்கம் பேசறது யாருன்னு இழுவைய வச்சே சொல்லிடுவோம், என் பொண்டாட்டியோட இழுவை எனக்குத் தெரியாதா என்றார். என் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே சட்டென்று விழுகிறது என்று கம்ப்யூட்டரில் அளந்து அதற்குத் தகுந்தபடி கருவியைத் திருத்தினார்.

ஒரு காலையில் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து, உன்னோடதைவிட நல்லா வந்திருக்கு என்றார். புதுக் கருவி பக்கத்தில் இருந்தது. என்னையறியாமல் எடுத்து அழுத்தினேன். அப்படியா? கீழே தொடங்கி மெல்ல வளைந்து மேலே போய் அவர் தலையில் குட்டுகிற அப்படியா, என் சொந்த அப்படியா. டம்ளரை வைத்துவிட்டு, இன்னொரு தடவ சொல்லும்மா என்றார். சந்தேகமாகச் சொன்னேன், கோபமாகச் சொன்னேன், கொஞ்சலாகவும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தவர் திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

போன வாரம் முன்னாள் படைவீரர் கூட்டத்தில் அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள். மைக்கில் நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிட்டார். கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசினேன். இவரு யாருக்கும் பயப்படாத வீரர்னு எல்லாரும் சொன்னீங்க, வீட்டுல பயப்பட ஆள் இல்லாம பொழுது போகலைன்னு அவரே ஒரு ஆளை ரிப்பேர் பண்ணிக்கிட்டாரு என்றேன். அரங்கமே அதிர்ந்தது. அப்பாவோடு அதே மலையில் இருந்தாரே மீசைக்காரர், அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார், அப்பாவுக்கு இல்லை, எனக்கு! பழைய கம்பெனி முதலாளியும் வீட்டுக்கு வந்தார், குரல் போன மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கப்போகிறார்களாம். ஒவ்வொருத்தருக்கும் அவங்க பழைய பேச்சைக் கேட்டுத்தான் அமைக்கணும், எல்லாருக்கும் ஒரே அச்சு கூடாது என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து திரும்ப வேலைக்குப் போகிறார், சட்டையை இப்போதே இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டாயிற்று.

நீ பனியில் தலையை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது என்றாலும் அவர் பாவம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் சிரித்த முகத்தோடு நீண்ட நாள் வாழவேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். கடிதம் கைக்கு வந்ததும் எனக்குத் தெரிவி, நானே கூப்பிடுகிறேன். பழைய குரல் அப்படியே இருக்காது, கொஞ்சம் கரகரக்கும், பயந்துவிடாதே, அதற்காகத்தான் முதலில் எழுதுகிறேன். சின்னவன் என் குரலைக் கேட்டதே இல்லை, அவனை மடியில் வைத்துக்கொண்டு எடு. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் தினமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பேசத் தொடங்கிவிட்ட,
உன் அம்மா