ஒரு நாள் பாஸ்

சிங்கப்பூர்,
புதன்கிழமை.

அன்புள்ள சுமையாவுக்கு,

மகாலட்சுமி எழுதுவது. நீயும் நஸ்ருதீன் அண்ணனும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். போனில் பேசினால், உன்னிடம் விட்டுவந்த என் மகள் சத்யப்பிரியா பக்கத்தில் வந்து நிற்பாள். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் செல்லில் கடிதமாகத் தட்டி அனுப்புகிறேன். அவள் ஸ்கூலுக்குப் பஸ் ஏறின பொறவு தனியாக இருந்து படி.

மதுரையில் நீ ஏற்றிவிட்டதிலிருந்து எனக்கு ஒரு நிலையில் இருப்பு இல்லை. இங்கே என் வீட்டுக்காரரோடு கட்டட வேலை பார்க்கிற வ. புதுப்பட்டி மலைச்சாமி தம்பி என்ன சொன்னார்? சாரம் சரிந்து அண்ணனுக்குக் கால் முறிவு, ஒருதரம் வந்து பார்த்துட்டுப் போங்க மதினி என்றுதானே சொன்னார். கால் முறிவுக்கா கடல் தாண்டி வரச் சொல்வார்கள்? வழியெல்லாம் அதுதான் குடைந்துகொண்டே வந்தது.

ஏர்போர்ட்டுக்கு வருவதாகச் சொன்ன மலைச்சாமி தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. ரயிலில் வந்துருங்க மதினி, போர்டில் தமிழும் இருக்கும், பயப்படாதீங்க என்று செய்தி அனுப்பியிருந்தார். நானும் போர்டைப் பார்த்துப் பார்த்து ரயில் டிக்கெட் கவுண்டருக்குப் போய்விட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணும் தமிழ்தான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் பாஸ் உண்டாம். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று எடுத்தால், அதுவரை எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாமாம். இல்லையென்றால் சாதாரணக் கார்டு. பணம் போட்டு வைத்தால் போகப் போகக் கழியும், நாம் செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற மாதிரி. எல்லாம் சொல்லிவிட்டு, எத்தனை நாள் இருப்பீங்கக்கா என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்விதானே சுமையா. ஆனாலும் பின்னால் ஆட்கள் நிற்கவும் ஒதுங்கிக்கொண்டேன். பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி நின்றேன். மூன்று நாள் என்றால், அம்புட்டு நாளும் அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கட்டும் என்று நானே சொல்கிற மாதிரி இருந்தது. கார்டை நினைக்கவே பிடிக்கவில்லை. அது இங்கேயே இருக்கிறவர்களுக்கு. போன தீபாவளிக்குப் பேசும்போது, நீ ஒருதரம் வா மகா, மூணு நாள் பாஸ் எடுத்து ஊரெல்லாம் சுத்திக் காட்டுதேன் என்று அவர் சொன்னது வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. கடைசியில் வீம்பாகப் போய் ஒரு நாள் பாஸ் கேட்டேன். போதுமாக்கா என்றாள். போதும், நாளைக்கே அவியளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிருவேன் என்றேன். என்னமோ எல்லாம் அந்தப் பெண் கையில் இருக்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி மண்டியிருந்தது, மற்றபடி முகம் தெளிவுதான். என்னைப் பார்த்ததும் சிரித்தார். வழியில் சாப்பிட்டியா, பிள்ளை படிக்குதாளா, உங்க நைட்டிக் கம்பெனியில லீவு எப்படிக் குடுத்தாங்க என்று என்னைப் பேசவே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாவுக்கட்டைத் தேடினேன். காலில் ஒரு கட்டும் இல்லை. நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டுப் பிடித்துவிட்டேன். செத்த நேரம் கழித்து, வலிக்கா, மெதுவாப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

இப்பக் காலைப் பிடிக்கியா என்றார்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் ஒருத்தி எனக்கு எடுத்துச் சொன்னாள். முதுகெலும்பு என்றாள், இடுப்புக்குக் கீழே என்றாள். மீதியை எழுத இப்போது எனக்குக் கை வரவில்லை. நான் கிளம்பும்போது, நாளைக்கே ஊருக்குப் போயிரு மகா, பிள்ளை ஏங்கிரும் என்றார். போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

தங்குவதற்கு மலைச்சாமி தம்பி பார்த்து வைத்திருந்த வீட்டுக்குப் போக மனசு இல்லை. கையில்தான் பாஸ் இருக்கிறதே என்று வந்த ரயிலில் ஏறினேன். கடைசி ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினேன், மறுகோடி வரை போனேன், மறுபடியும் திரும்பினேன். ஜன்னலில் பெரிய பெரிய கட்டடமாக வந்துகொண்டே இருந்தது. எதில் எல்லாம் அவர் ஏறி வேலை பார்த்தாரோ. சட்டையில் சிமென்ட் கறையோடு இருந்த ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வந்தேன்.

பொழுது சாய இறங்கி, நேரே கவுண்டருக்குப் போய் அந்தச் சாதாரணக் கார்டையே வாங்கிவிட்டேன். அதற்கு எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை.

இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கார்டு என் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஊருக்குப் போ என்று மறுபடி சொல்லவில்லை. தாடியை எடுத்துவிடுதியா என்றார். எடுத்துவிட்டேன். அப்போதுதான் அழுதார்.

கம்பெனியில் என் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லிவிடு. அத்தை தன் மகனுக்காகத் தினமும் மடவார் வளாகம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உனக்குப் போன் போடுவார்கள். கால் முறிவு, கூடிரும் என்று மட்டும் சொல். சத்யப்பிரியாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். தொழும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள், முத்துப்பாண்டி என்று.

இன்னொரு காரியம் உண்டு. நஸ்ருதீன் அண்ணனிடம் சொல்லி, நல்ல கொத்தனார் ஒருவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு அனுப்பு. வாசல்படியை எடுத்துவிட்டு, தெருவிலிருந்து உள்ளே வரைக்கும் சரிவாகப் பூசச் சொல். அகலமாக இருக்கட்டும், சக்கரம் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்கட்டும். ஏன் என்று அத்தை கேட்டால் மழைத்தண்ணிக்கு என்று ஏதாவது சொல்லிக்கொள். நாங்கள் ரெண்டு பேரும் வந்து இறங்குவதற்குள் அது நன்றாக இறுகியிருக்க வேண்டும், சுமையா.

உன்னை நம்பியிருக்கும்,
மகாலட்சுமி.