கேம்ப்பில் இன்று செக்கிங்

வியாழக்கிழமை

இன்று ஜெயித்துவிட்டோம். கூலி உயர்வு கேட்டாலே காண்ட்ராக்டர், "வேணான்னா போய்க்கினே இரு, கேம்ப் ஆளுங்க பாதி கூலிக்கு வருவாங்க" என்பார். இலங்கையிலிருந்து படகில் வந்த அகதிகள் அவர்கள். முப்பது வருஷமாகியும் சட்டத்தின் கண்ணில் களவாக வந்தவர்கள்தான். அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது.

இன்று பேக்கிங் பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் கம்பெனி கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் கேம்ப்புக்கு ஆள் அனுப்பினார். அங்கே அதிகாரிகள் வந்து தலை எண்ணும் செக்கிங், ஆஜர் கொடுக்காமல் ஒருத்தரும் வெளியே வர முடியாது. சரக்கு ஏற்ற வந்த லாரி காத்து நிற்க, மத்தியானம் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"கூலிய ஏத்துங்க. கேம்ப் பொம்பளைங்களுக்கும் அதே கூலி. இல்லேன்னா அவங்களக் காட்டியே எங்கள மெரட்டிக்கினு இருப்பீங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

செக்கிங் என்றைக்கு என்று எங்களுக்கு முன்கூட்டியே சொன்னவள் அந்தக் கேம்ப்பில்தான் இருக்கிறாள். அவள் பெயரை இங்கேகூட எழுதமாட்டேன்.