மூன்று பாஷை பேசிய ரத்தக்காட்டேரிக்கு

என் மாதேஷண்ணனுக்கு, பனி இறங்கிய ஓசூரிலிருந்து செல்வி எழுதுகிறேன்.

இந்த வருஷம் பனி சீக்கிரமே வந்துவிட்டது. ராயக்கோட்டையில் நான் ஏறுகிற ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் உத்தனப்பள்ளிக்கு வரும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து டிபன் பாக்ஸும் கையுமாக ஒவ்வொருத்தராக முளைத்து வந்து ஏறுகிறார்கள். எல்லோரும் ஏறின பிறகும் டிரைவர் கொஞ்ச நேரம் வண்டியை எடுப்பதில்லை. கடைசியாக ஓடி வருவது எப்போதும் நீங்கள்தானே. ஏன் நிற்கிறோம் என்று அவரை யாரும் கேட்பதும் இல்லை.

நேற்றைக்கு முந்தின நாள் அரைத் தூக்கத்தில் நீங்கள் ஏறுவதைப் பார்த்தேன். கறுப்பு அங்கி, முகத்தில் பவுடர், வாயில் பல். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "ஏம்மா, இந்த வருசம் நாடகம் உண்டா?" என்று கேட்டீர்கள். உண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன், விழித்துக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நாடகம் நடந்தது அண்ணே. நடந்த கதையைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

நம் கம்பெனி ஆயுதபூஜை நாடகத்தில் ரத்தக்காட்டேரி என்றால் நீங்கள்தான். லேத்தில் வெள்ளை நைலான் கம்பியைக் கடைந்து நீங்களே உங்களுக்குப் பல் செய்துகொண்டீர்கள். மிஷின் மூடுகிற கறுப்பு ரெக்சின் உங்கள் அங்கி. கண்ணாடியில் தெரியாது, வெயில் பட்டால் சாம்பலாகிவிடும், வீட்டுக்காரர்கள் "உள்ளே வா" என்று சொல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது. இதெல்லாம் எந்த ஊர்க் காட்டேரிக்கும் உள்ள சட்டம். ஆனால் எந்த வீட்டில் என்ன பாஷையோ அந்தப் பாஷையில் கூப்பிடுகிற காட்டேரி ஓசூரில் மட்டும்தான் இருந்தது.

மேடையில் மூன்று கதவு வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? முதல் கதவில் கதவைத் திறக்கச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சுவீர்கள், "அக்கா, பாக்லு தெகீரி." இரண்டாவதில் தெலுங்கு. மூன்றாவது கதவு என்னுடையது. நான் சாத்தூரிலிருந்து வேலைக்கு வந்த பெண், வேடமும் அதுதான். அந்தக் கதவில் என் அம்மாவின் குரலை வைத்துக்கொண்டு, "ஏ செல்வி, கதவத் தெறடி, மழையில நனையுறேம்ல" என்பீர்கள். எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக உங்களை விரட்ட வேண்டியவள் நான். ஒவ்வொரு வருஷமும் அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு நொடி நிஜமாகவே தாழ்ப்பாளுக்குக் கை போகும். வீட்டைவிட்டு வந்தவர்களுக்கு எது பலவீனம் என்று உங்கள் காட்டேரிக்குத் தெரிந்திருந்தது.

பிறகு உங்களுக்கு அந்த நோய் வந்தது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய்விட்டது என்று பெங்களூரில் சொன்னார்கள். ரத்தம் ஏற்ற ஏற்ற ஓடும், கொஞ்ச நாளில் திரும்பவும் முகம் வெளுக்கும். கம்பெனி வேனில் ஆட்கள் ரத்தம் கொடுக்கப் போனார்கள். நானும் வந்தேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, உனக்கே பத்தாதும்மா என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி நீங்கள் சிரித்தீர்கள். "உன்னக் கடிச்சா காட்டேரிக்கே நஷ்டம் போ." அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். எப்படித்தான் சிரித்தேனோ தெரியவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன வருஷம் நாடகம் இல்லை. வேறு யாருக்கும் அந்த அங்கியைத் தொட மனசு வரவில்லை.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒரு செய்தி. ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள் அண்ணே. காட்டேரி பேரைச் சொல்லி விளையாடினான், அவன் ரத்தத்தை அதுவே உறிஞ்சிக்கொண்டது என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாளாம். சந்திரம்மா அண்ணி அவளோடு சண்டை போட்டுக் குடத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு உங்கள் மகள் பவித்ரா காதில் விழுந்துவிட்டது. வேடத்தோடு நீங்கள் நிற்கிற போட்டோவை ஷோகேஸிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாள். சாயங்காலம் விளக்குப் போடும் முன்பே வாசல் கதவைச் சாத்திவிடுகிறாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருந்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்தை, அப்பாவுக்கு ரத்தம் வேணும்ல? இப்ப யாரு குடுக்கறாங்க?"

இப்போது அப்பாவுக்கு எதுவும் வேண்டாம் கண்ணு என்றேன். அவள் நம்பவில்லை. "யாரும் குடுக்கலன்னா அவரு காட்டேரியாத்தான இருக்கணும். வெளிய எங்கியாச்சும் நிப்பாரு" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பஸ் வரும் என்று சொல்கிற மாதிரி. உங்களை நேசிக்கிற பிள்ளை உங்களுக்குப் பயந்து கதவைச் சாத்துகிறது என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் பிரவீன் வந்து நின்றான். உங்கள் செக்‌ஷனில் டிரெயினியாக இருந்தானே, ஒல்லியாக, நெற்றியில் முடி விழுகிற பையன், அவன்தான். இந்த வருஷம் நாடகம் போடலாம் அக்கா, புதுசாக எழுதியிருக்கிறேன் என்றான். காட்டேரி நாடகம்தான், ஆனால் புதுக் காட்டேரி என்றான்.

உங்களுக்குத் தெரியாது அண்ணே, இப்போது காட்டேரிகள் எல்லாம் திருந்திவிட்டார்கள். சிடி கடையில் போய்ப் பாருங்கள். அட்டையில் பல்லே தெரியாது. பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். கண்ணாடியில் தெரியாத ஜாதி என்று நாம் நினைத்தோம், இவன் கண்ணாடியை விட்டு நகரமாட்டான் போலிருக்கிறது, தலை அப்படி வாரியிருக்கிறான். வெயிலில் நடக்கிறான், காலேஜுக்குப் போகிறான், ஒரு பெண்ணைக் காதலித்து அவளைக் கடிக்கக்கூடாதே என்று ஏங்கி ஏங்கி அழுகிறான். லைனில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் செல்போனில் அவன் படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் யாரைப் பார்த்து அலறினோமோ அவனுக்கு இவர்கள் முத்தம் கொடுக்கிறார்கள்.

பிரவீனின் காட்டேரியும் மனுஷ ரத்தம் குடிக்கமாட்டானாம். ஆட்டு ரத்தம்தானாம். "அப்போ ஞாயித்துக்கிழமை கறிக்கடையில ரத்தம் வாங்கிப் பொரியல் பண்ற நாமெல்லாம் யாரு தம்பி?" என்று கேட்டேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. அண்ணன் வருஷா வருஷம் உயிரைக் கொடுத்துப் பயமுறுத்தினது வீணா? நகமும் பல்லும் பிடுங்கின காட்டேரிக்கு மேடை எதற்கு? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்களையே மாற்றி எழுதுகிறான் என்று தோன்றியது.

அவன் பொறுமையாக நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணனுக்கு நானும் ரத்தம் குடுத்தேன்க்கா. குடுத்துட்டுப் பாக்கப் போனேன். கையப் புடிச்சுக்கிட்டு, 'உன்னுத எடுத்துக்கறன் தம்பி, தப்பா நெனச்சுக்காத. எனக்கு வேற வழியில்ல'ன்னாரு. அவ்வளவு கூச்சம்க்கா அவருக்கு. நான் சினிமாவப் பாத்து எழுதலை. அதத்தான் எழுதியிருக்கேன்."

என்னிடம் நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே அண்ணே. என்னிடம் வேடிக்கை மட்டும்தானே பேசினீர்கள். ரத்தம் கொடுத்தவனிடம் மட்டும் வெட்கப்பட்டீர்களா? அன்றைக்கு முழுதும் லைனில் பீஸ் ஒவ்வொன்றாகக் கையில் வருகிறது, அளவு சரியா என்று கேஜ் வைத்துப் பார்க்கிறேன், கண்ணில் மட்டும் நீங்கள் கூச்சத்தோடு சிரிக்கிறீர்கள்.

பூஜை அன்றைக்கு மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஷெட்டே கல்யாண வீடாக இருந்தது. வாசலில் பூசணிக்காயைக் கீறிக் குங்குமத்தைக் கொட்டிச் சுற்றி உடைத்தார்கள். சிவந்த துண்டுகள் சிமெண்டுத் தரையில் சிதறிக் கிடந்தன. முன்காலத்தில் இதே இடத்தில் சேவல் அறுப்பார்கள், காவு கொடுக்காவிட்டால் மிஷின் கையை எடுக்கும் என்று பயம் என்றும், எந்தப் புண்ணியவானோ பூசணிக்காயே போதும் என்று கதையை மாற்றினான் என்றும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். "அந்தச் சாமியும் சரின்னு ஒத்துக்கிச்சு பாரு" என்பீர்கள். எனக்கு அங்கேயே நின்றுபோய்விட்டது கால். கொடூரமானதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்லிச் சொல்லித்தான் நாம் அதோடு குடித்தனம் நடத்துகிறோம் போலிருக்கிறது. பிரவீனை நான் ஏன் அவ்வளவு திட்டினேன்?

அண்ணியும் பவித்ராவும் வந்தார்கள். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாளாம். பொரியும் கடலையும் தருவார்கள் என்று அண்ணி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதல் வரிசையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியான வெயில் மேல் கூரையின் ஃபைபர் தகடு வழியாகப் பாலாக இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை கலையவில்லை. மேடை மிதக்கிற மாதிரி இருந்தது. இந்த முறை ஒரே ஒரு கதவு. உள்ளே நான், எலுமிச்சம்பழத்தோடு. இப்போது வேலைக்கு வந்த பெண் வேடம் இல்லை, வீட்டுக்காரம்மா வேடம். உங்கள் அங்கியைப் போட்டுக்கொண்டு பிரவீன் புகைக்குள்ளிருந்து வந்தான். அது அவனுக்கு ரொம்பப் பெரிசு. யார் குரலிலும் அவன் கூப்பிடவில்லை. வாசற்படிக்கு வெளியே தலையைக் குனிந்து நின்றான்.

"எனக்குப் பசிக்குது. ஆனா நீங்க கூப்புடாம வரமாட்டேன். கூப்புட வேண்டாம். இங்கியே நின்னுக்கறேன்."

நான் பழத்தை நீட்டி, போய்விடு என்று சொல்ல வேண்டும். அவன் திரும்பிப் போக வேண்டும். அதுதான் ஒத்திகையில் பார்த்தது. நான் வாயைத் திறக்கும் முன் கீழே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பவித்ரா எழுந்து நின்றிருந்தாள்.

"லோபலிக்கி ரா நாயனா."

உள்ளே வா அப்பா என்கிறாள். உங்கள் வீட்டுத் தெலுங்கில், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

பிரவீனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கும் வசனம் எல்லாம் மறந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவை விட்டு விலகி நின்றேன். அவன் மெதுவாக வாசற்படி தாண்டி உள்ளே வந்தான். ஒரு காட்டேரி நம் மேடையில் அப்படி உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. கீழே உங்களுக்கு ரத்தம் கொடுத்த ஆட்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் கை தட்டவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பவித்ரா மேடையேறி வந்து அவன் கையில் தன் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"அப்பா உள்ள வந்துட்டாருல்ல அத்தை?"

"வந்துட்டாருடா."

"அப்ப இனிமே வெளிய நிக்க மாட்டாரு."

நிற்கமாட்டார் என்றேன். பிறகு உண்மையாகவே தூங்கிப்போனாள். இப்போது சாயங்காலம் அவள் வீட்டில் கதவு திறந்தே இருக்கிறதாம், கொசு வருகிறது என்று அண்ணிதான் போன் போட்டுப் புலம்புகிறார்கள்.

பிரவீனின் காட்டேரி நல்லவன்தான் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். பவித்ராவுக்கு இப்போது அவன்தான் வேண்டும். ஆனால் எனக்கு உங்கள் காட்டேரியும் வேண்டும். என் அம்மா குரலில் என்னை ஏமாற்றியவனை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் வளர்ந்து, பயம் ஒரு விளையாட்டு என்று அவளுக்குத் தெரிகிற வருஷம், உங்கள் பழைய நாடகத்தை மூன்று கதவோடும் மூன்று பாஷையோடும் நானே மேடையேற்றுகிறேன். அவளை முதல் வரிசையில் உட்கார வைத்து, தன் அப்பன் எவ்வளவு பெரிய பயங்கரக்காரன் என்று அலற அலறப் பார்க்க வைக்கிறேன். அலறி முடித்துச் சிரிப்பாள் பாருங்கள், அதுவரைக்கும் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
இன்ஸ்பெக்‌ஷன் செல்வி