நேஷனாலிட்டி வேணாங்கற உன் மகள்

மரக்காணம்
17.8.2005

அன்பு மகன் ஜெயசீலனுக்கும் மருமகள் ரேணுகாவுக்கும் அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் உங்க மகள் இலக்கியாவும் பூமீஸ்வரர் புண்ணியத்துல நோய்நொடி இல்லாம வேளைக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், அங்க நீங்களும் வேலை வேலைன்னு ஓடாம உடம்பைப் பாத்துக்கிட்டு நல்லா இருக்கணும். சுனாமியில சேறு ஏறின பாத்தியெல்லாம் அப்பா சரிபண்ணிட்டார், உப்பு நல்லா வெள்ளையா விழுது, போன வாரம் திடீர்னு ஒரு மழை வந்து கொஞ்சம் கரைச்சிட்டுப் போச்சு, மத்தபடி குறையில்ல. பசு கன்னு போட்டிருக்குது, கிடேரி. உன் மகள் அதுக்கு ஏதோ பிரெஞ்சுப் பேர் வெச்சிருக்கா, அப்பா வாயில நுழையலை, அவர் இந்தா வான்னுதான் கூப்பிடறார், அது ரெண்டு பேர்கிட்டயும் வர்றதில்ல.

நீ போன்ல சொன்னதை நான் மறக்கலை. அம்மா நீ சொன்னா கேப்பா, பிரெஞ்சு நேஷனாலிட்டியை விடவேணாம்னு புத்தி சொல்லு, அவனவன் சொத்தை வித்து அதுக்காக பாண்டிச்சேரியில அலையறான், இவ கையில இருக்கறதைத் தூக்கிப் போடறேங்கறான்னு சொன்னே, சொல்லிட்டு அவகிட்ட ஒரு வார்த்தை பேசாம வெச்சிட்டே. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், தப்பா இருந்தா ரேணுகா திருத்தட்டும். ரேணுகா பக்கத்துல அவளுக்கு பிரான்ஸ் இருக்குது, பொறந்தப்ப நீ எம்பஸியில பேர் எழுதி வெச்சதால இந்தியாவும் இருக்குது. பதினெட்டு முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள ஒண்ணை விட்டுடணும், ரேஷன் கார்டுல ரெண்டு இடத்துல பேர் இருக்கக் கூடாதுங்கற மாதிரி. இந்தியா டீமுல கால்பந்து ஆடணும்னா இந்தியா பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கணும்னு சென்னை கேம்புல கோச்சம்மா சொல்லிட்டாங்களாம். நான் அவகிட்ட எடுத்துச் சொல்லாம இல்ல சீலா. ஆஸ்பத்திரியைச் சொன்னேன், பென்ஷனைச் சொன்னேன், அங்க நீங்க ரெண்டு பேரும் தனியா இருப்பீங்களேன்னும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, சரி ஆயா, இன்னும் ஒரு தோசை போடுங்கறா.

இதுக்கு நடுவுல கிளியனூர் கல்யாணத் தரகர் தட்சணாமூர்த்தி கூப்பிடாமலே வந்து நின்னார். நேஷனாலிட்டி இருக்கற பொண்ணு வந்திருக்குதுன்னு அவருக்கு யார் சொன்னாங்களோ தெரியல. பையன் இன்ஜினியராம், ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம், நகையும் அவங்களே போடுவாங்களாம், பையனை அங்க கூட்டிக்கிட்டுப் போனா போதுமாம். உன் மகள் பள்ளிக்கூட மைதானத்துலேர்ந்து முட்டி வரைக்கும் மண்ணோட வந்தா, எல்லாத்தையும் நின்னு கேட்டா, நான் அதை விடப்போறேன் தாத்தான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அவர் விளையாட்டுன்னு நினைச்சு என் முகத்தைப் பாத்தார், நான் ஆமாங்கன்னேன். காபியைப் பாதியில வெச்சிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்துட்டார், கொண்டாந்த வெத்தலை பாக்கையும் மறக்காம எடுத்துக்கிட்டார். அப்பாவுக்குச் சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துடுச்சு. ஆனா சிரிப்பு அடங்கினதும் எனக்கே பயமாப் போச்சு கண்ணு. ஊர்ல அத்தனை பேரும் ஆசைப்படறதை இவ வேணாங்கறாளே, நாளைக்குக் கால் ஒடைஞ்சா யார் பாப்பாங்க, விட்டது திரும்பி வருமான்னு ராத்திரியெல்லாம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதனால மறுநாள் அவ அடிபம்புல ஷூவைக் கழுவிக்கிட்டு இருந்தப்ப நேராவே கேட்டுட்டேன். எனக்காகவா, தாத்தாவுக்காகவா, நாட்டுப் பாசமா, எதுடின்னு. கோவிச்சுக்காதே ஆயா, உனக்காக இல்லன்னுட்டா. எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் அவ சொன்னதை அப்படியே எழுதுறேன். “அங்க டீமுக்குக் கூப்பிடுவாங்க ஆயா, சட்டை குடுப்பாங்க, பெஞ்சுல உக்கார வெப்பாங்க. என் இடத்துக்கு நாலு பேர் இருக்காங்க, நாலு பேரும் என்னைவிட நல்லா ஆடறாங்க. இங்க என்னை ஆட வெக்கிறாங்க.” நம்ம டீமு தோத்துப் போறதுதானேடின்னேன். “ஆடித் தோக்கறேன் ஆயா”ன்னா. அவ சொல்றதும் சரிதானே சீலா. எட்டு வயசுலேர்ந்து ஓடுறது உக்காந்து பாக்கறதுக்கா.

நீ அவ ஆடறதை எத்தனை தரம் பாத்திருப்பேன்னு தெரியல, நான் இப்பத்தான் பாத்தேன். ஞாயித்துக்கிழமை உப்பளத்துப் பசங்களோட ஆடினா. நம்ம பாத்தியில உப்பு வார்ற பையன் சேட்டு, பாரிசு பொண்ணு வெயில்ல கரைஞ்சிடப் போவுது, யாராவது கீத்து போட்டு மூடுங்கப்பான்னு கிண்டல் பண்ணிக்கிட்டே நின்னான், இவ அவன் ரெண்டு காலுக்கு நடுவுல பந்தைத் தள்ளிட்டுப் போயி கோல் போட்டுட்டா. கைதட்டி எனக்கு உள்ளங்கை செவந்துடுச்சு, புதுசா வந்தவங்ககிட்டயெல்லாம் என் பேத்தின்னு சொல்லிட்டேன். சேட்டு இப்ப என்னைப் பாத்தா, ஆயா இந்தியா டீமுக்கு வேணாம், எங்க டீமுக்குக் குடுத்துடுங்கங்கறான்.

நீ என்னைப் புத்தி சொல்லச் சொன்னே, நான் உனக்குச் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. நீ ரேணுகாவைக் கட்டிக்கிட்டு பிரான்சுக்குப் போறேன்னு வந்து நின்னப்ப, நல்ல இடம்னு ஊரே சொல்லிச்சு. நான் மட்டும் கொல்லைப் பக்கம் போயி அழுதேன், உன் எதிர்ல போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நீயும் அழணும்னா அழுதுக்கோ கண்ணு. வேணாம்னு மட்டும் சொல்லாதே.

ரேணுகாவுக்கு மாங்கா வத்தல் அனுப்பறேன், அவ தலைவலிக்கு வேளையோட தூங்கச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட, மனசுல குறையில்லாம இருக்கணும்னு உங்கப்பாவும் நானும் கும்பிட்டுக்கிறோம். இந்தக் கடுதாசி கிடைச்ச ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு தனகோடி நம்பருக்கு போன் பண்ணு, மறந்துடாதே. நீ பேசாம வெச்சதுலேர்ந்து அங்க மணி அடிச்சா தனகோடிக்கு முன்னாடி உன் மகள்தான் ஓடறா. அவகிட்ட பேச ஒண்ணும் வரலைன்னா டீமுல எந்த இடத்துல ஆடறேன்னு கேளு. மிச்சத்தை அவ பேசிக்குவா.

இப்படிக்கு
உன் அம்மா
ஞானாம்பாள்