அத்தான் பெயரில் ஒரு புகார்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். என் தையல் சேனலை முடக்கிவிட்டார்கள். காலர் வெட்டுவது, பாக்கெட் வைப்பது, ஜிப் மாற்றுவது, இந்த மூன்று வீடியோவும் தன்னுடையவை, நான் திருடிப் போட்டுவிட்டேன் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். என் கை, என் மெஷின், பின்னால் என் வீட்டுக்காரர் இருமுகிற சத்தம்கூட அதில் கேட்கிறது. திருட்டாம்!

இதைக் கேள்விப்பட்டதும், சீருடை தைக்கக் கேட்டிருந்த கம்பெனி பின்வாங்கிவிட்டது. கூடத் தைத்த இரண்டு பெண்களையும் வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் புகாருக்கு மறுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பொய்னு தெரிஞ்சே புகாரோட சேர்ந்த உறுதிமொழியில கையெழுத்துப் போட்டிருந்தா, உங்க நஷ்டம், என் பீஸ் எல்லாம் அவங்க தலையிலதாம்மா" என்கிறார் வக்கீலம்மா. எனக்கு முன்னாலேயே சேனல் தொடங்கியவள் நீ. யாராக இருக்கும், சொல்லேன்.

உன் செல்லத் தங்கை,
சின்னு

மார்ச் 11

என் கண்ணு சின்னுவுக்கு,

சாப்பிடாமல் கிடக்காதே. மறுப்பு, வக்கீல் என்று ஏன் இறங்கினாய்? கோர்ட்டுக்குப் போனால் நாலு பேருக்குத் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசாமல் வேறு பெயரில் புதிதாகத் தொடங்கிவிடு. புகார் கொடுத்தவர் ஏதோ ஆத்திரத்தில் செய்திருப்பார். இப்போது வருத்தப்பட்டுக்கொண்டுகூட இருக்கலாம்.

என் சேனல் வழக்கம்போல ஈ ஓட்டுகிறது. போன வீடியோவை நானும் உன் அத்தானும் பார்த்தோம். அவர் பாதியில் தூங்கிவிட்டார்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

என் மறுப்புக்குப் பதிலாக, புகார் கொடுத்தவர் யார் என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அத்தான் பெயர். உன் வீட்டு முகவரி.

அத்தானுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, அக்கா.

பெயர் இருக்கிற ஆளுக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் போகும். போய்விட்டது.

சின்னு

ஜூலை 2

சின்னுவுக்கு,

நோட்டீஸை அத்தான்தான் வாங்கினார். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்று படித்தார். "நான் எப்போ வீடியோ போட்டேன்?" என்று கேட்டார். மொட்டைக் கடிதம் மாதிரி, யார் என்று வெளியே தெரியாது என்று நினைத்திருந்தேன். அப்படியே தெரிந்தாலும் என் பெயர் வேண்டாமே என்று அவர் பெயரைத் தட்டியிருந்தேன். சொன்னேன். அவர் திட்டவில்லை. "கூடப் பிறந்தவளாச்சே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

காலர் வெட்ட உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அதே காலருக்கு உனக்கு லட்சம் பேர், எனக்கு நூறு பேர். என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, உன் வீடியோவுக்குக் கீழே, "நீங்க சொன்னாதான் புரியுது" என்று எழுதியிருந்தார். வயிறு எரிந்தது. அன்றைக்குத்தான் புகாரைத் தட்டினேன். உன்னிடம் வேலை பார்த்த அந்த இரண்டு பெண்களை நான் நினைக்கவே இல்லை. இதைச் சொல்லக் கூசுகிறது.

நான்தான் செய்தேன் என்று வக்கீலம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தானை வழக்கிலிருந்து விட்டதற்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நஷ்ட ஈட்டுக்கு என் மெஷின் இரண்டையும் விற்றாயிற்று. சமரசத்தில் சொன்னபடி மன்னிப்பு வீடியோவும் போட்டுவிட்டேன். ஒரு வருஷத்துக்கு அதை எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. எடுக்க அனுமதி கேட்டு இதை எழுதவில்லை.

என் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். லட்சத்தைத் தாண்டிவிட்டது. கைத்தையலுக்கு நூல் வாங்கப் போனால் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மீதிச் சில்லறையை நீட்டுகிறார்.

தினமும் அதற்குக் கீழே எழுதியிருப்பதைக் கடைசி வரை படிக்கிறேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் திட்டியிருக்கிறார்கள். நீ மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்கா