மொட்டைப் பனை நின்ற இடம்

விபவ வருஷம், ஐப்பசி 3
தோட்டத்தில் உதவாத மரமெல்லாம் வேரோடு போக வேண்டுமாம், எலுமிச்சை வைக்க வேண்டுமாம். கோட்டைக் கப்பித்தானின் உத்தரவு. ஒல்லாந்தர் பாஷை தெரிந்த பாவத்துக்கு மரவெட்டு மேற்பார்வையும் இந்தத் துபாஷி தலையில்.

ஐப்பசி 5
ஏழு ஒதிய மரம் சாய்ந்தது. அடிக்கட்டைகளைத் தோண்டுவதற்குள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மீன் கொடுக்க வந்த ருக்கு, மொட்டைப் பனையைக் காட்டி, "அதுல கை வெக்காதீங்க ஐயா, அது எங்க நேரு" என்றாள். நேர்ந்துகொண்ட மரமாக்கும். குப்பத்துக்காரர்களுக்கு எதில்தான் சாமி இல்லை?

ஐப்பசி 6
தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுப் பனையை வெட்டினோம். கட்டையும் வந்துவிட்டது. குழியில் எலுமிச்சை.

ஐப்பசி 8, காலை
வாடைக்காற்று. நேற்று விடியுமுன் இருட்டில் கடலுக்குப் போன ருக்குவின் புருஷன் எல்லப்பனும் அவன் தம்பி கங்காதரனும் திரும்பவில்லை. ருக்கு தோட்டத்துக்குள் ஓடிவந்தாள்.

"பனை எங்க ஐயா?"

பூசை போட்டுத்தான் வெட்டினோம் என்றேன்.

"பூசை இன்னாத்துக்கு? கடல்லேர்ந்து பார்க்கசொல்ல பனையும் கோட்டைக் கொடிமரமும் ஒண்ணு மேல ஒண்ணு தெரிஞ்சா, அதான் முகத்துவாரத்துக்கு நேரு. ரெண்டு பக்கமும் மணல்மேடு. இப்ப எதைப் பார்த்து வருவாங்க?"

நேர். நேர்த்தி இல்லை — நேர். இருபது வருஷமாக இரண்டு பாஷைக்கு நடுவில் நின்று பிழைக்கிறேன். சொந்தப் பாஷையில் ஒரு வார்த்தை. என்னவென்று திருப்பிக் கேட்டிருந்தால் வாய் கோணியிருக்குமா எனக்கு?

அன்றே, மாலை
கிடங்கில் கிடந்த பாய்மரக் கம்பத்தைக் கேட்காமல் எடுத்துவந்து, கன்றைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் நட்டோம். உச்சியில் வெள்ளைத் துணி. கடலில் ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசி 9
மதியம் கட்டுமரம் வந்தது. எல்லப்பன் மட்டும். கம்பம் நடுவதற்கு முன்பே ஒருமுறை கரைக்கு வரப் பார்த்திருக்கிறார்கள். மணல்மேட்டில் மோதி, தம்பியை அலை இழுத்துக்கொண்டதாம்.

ஐப்பசி 10
ருக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐப்பசி 17
தோட்டத்துக்கு நடுவில் கம்பம் அசிங்கமாக இருக்கிறதாம், எடுக்கச் சொன்னார் கப்பித்தான். கங்காதரன் செத்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அப்படியும் எடு என்றார். மாட்டேன் என்றேன். வேலை போயிற்று.

ஐப்பசி 18
விடிந்ததும் எல்லப்பன் கடலுக்குப் போனான். கம்பத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோடாலியோடு வந்த ஆட்கள் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுபடி வருவார்கள். அவன் கரை சேர்கிற வரைக்கும் எழுந்திருப்பதாக இல்லை.